நல்ல தண்ணீர்ப் பக்கம்

உப்பு ஜாடிக்குள் எவர்சில்வர் கரண்டியைப் போட்டு வைக்காதீர்கள் என்று அண்ணியிடம் பத்துப் பன்னிரண்டு முறையாவது சொல்லியிருப்பேன். அவர் கேட்டதில்லை. எவர்சில்வர் என்று பெயர் வைத்த பிறகு அது எப்படித் துருப்பிடிக்கும் என்பது அவர் கட்சி. நேற்று எங்கள் சமையலறையைச் சோதனை போட்ட உங்கள் ஆட்கள் அந்தக் கரண்டியையும் ஒரு கவரில் போட்டு எடுத்து வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். இந்த விஷயத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தயவுசெய்து அண்ணியிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். காம்பில் இருக்கும் புள்ளிகள் உப்பு போட்டவை, நான் போட்டவை அல்ல.

இதை எழுதச் சொன்னது நீங்கள். வாயால் சொன்னால் போதாதா என்று கேட்டேன். எழுத்தில் இருந்தால் நல்லது என்றீர்கள். எனக்கும் அதுதான் வசதி. இருபத்தாறு வருடமாக அறிக்கை எழுதியே பிழைக்கிறவன் நான். பேச்சில் எனக்குச் சாமர்த்தியம் போதாது. எங்கள் வீட்டில் பேச்சுக்கென்றே ஒருவர் இருந்தார்.

நேற்று நீங்கள் மேஜைமேல் நான்கு போல்ட்டுகளை வரிசையாக வைத்தீர்கள். எங்கள் மூன்றாம் மாடிப் பால்கனிக் கிராதியை இரண்டு பக்கச் சுவரிலும் பிடித்துக்கொண்டிருந்தவை. இடது பக்கத்து இரண்டும் நடுவில் இற்று, தீக்குச்சி கனத்துக்கு இளைத்து, முறிந்து போயிருந்தன. வலது பக்கத்து இரண்டிலும் லேசான பழுப்பு, அவ்வளவுதான். ஒரே பெட்டியில் வாங்கி, ஒரே நாளில், ஒரே ஆள் மாட்டிய போல்ட்டுகள் எப்படி இப்படி ஆகும் என்று கேட்டீர்கள். இடது பக்கத்துக்கு உப்புத் தண்ணீர், வலது பக்கத்துக்கு நல்ல தண்ணீர் என்று சொன்னேன். அதற்கு நீங்கள், உப்புத் தண்ணீரில் மட்டும் ஏன் அவ்வளவு சீக்கிரம் போகிறது என்று கேட்டீர்கள். அண்ணன் விழுந்து இறந்து ஆறு நாள் ஆகிறது. இந்த ஆறு நாளில் என்னிடம் கேட்கப்பட்ட உருப்படியான கேள்வி அது ஒன்றுதான். மற்றவர்கள் எல்லாம் எப்படி நடந்தது, எப்படி நடந்தது என்று கேட்டார்களே தவிர, பதிலுக்கு யாரும் காத்திருக்கவில்லை.

எளிதாகச் சொல்கிறேன். துருப்பிடிப்பது என்றால் இரும்பு சும்மா ஊறிப்போவது இல்லை. ஈரமான இரும்பில் கண்ணுக்குத் தெரியாத அளவில் மின்சாரம் ஓடுகிறது. ஓர் இடத்தில் இரும்பு கரைந்து தண்ணீருக்குள் இறங்குகிறது. அங்கே மிஞ்சிய எலெக்ட்ரான்கள் இரும்பு வழியாகவே வேறோர் இடத்துக்குப் போய், தண்ணீரில் கலந்திருக்கும் ஆக்சிஜனிடம் சேர்கின்றன. ஆனால் சுற்று முழுமையாக வேண்டும் என்றால் தண்ணீர் வழியாகவும் மின்சாரம் நகர வேண்டும். நல்ல தண்ணீரில் அதைச் சுமந்து போக அதிகம் ஆள் இல்லை. உப்பு கரைந்த தண்ணீரில் ஆள் ஏராளம். ஒற்றையடிப் பாதைக்கும் நெடுஞ்சாலைக்கும் உள்ள வித்தியாசம்தான். அது போதாதென்று, உலோகத்தின் மேல் தன்னைக் காத்துக்கொள்ள ஒரு மெல்லிய படலம் உண்டாகும். உப்பில் இருக்கும் குளோரைடு அதையும் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். அண்ணியின் கரண்டியில் நீங்கள் பார்த்தது அதுதான். கடைசியாக, உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். நல்ல தண்ணீர் காய்ந்தால் வேலை நின்றுவிடும். உப்புத் தண்ணீர் காய்ந்த மாதிரி தெரியும், காய்ந்திருக்காது.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. உப்பு இரும்பைத் தின்பதில்லை. இரும்பைத் தின்பது ஆக்சிஜன். உப்பு வழியைத் திறந்துவிட்டு ஒதுங்கி நிற்கிறது, அவ்வளவுதான். பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு நான் இதை ஒவ்வொரு வருடமும் சொல்லிக்கொடுக்கிறேன். இந்த வாக்குமூலத்தைப் படிக்கும்போதும் இதை மனதில் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நான் வேலை பார்ப்பது உலோகப் பாகங்களைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில். பெரிய அலமாரி அளவில் ஒரு பெட்டி இருக்கிறது. உள்ளே முப்பத்தைந்து டிகிரிச் சூடு. நூறு பங்கில் ஐந்து பங்கு உப்பு கரைத்த தண்ணீர் அதற்குள் பனிபோல இறங்கிக்கொண்டே இருக்கும். கீல், கைப்பிடி, திருகாணி என்று எதையாவது அனுப்பி வைப்பார்கள். அவற்றை உள்ளே சாய்த்து வைத்து, எத்தனை மணி நேரத்தில் வெள்ளையாகப் பூக்கிறது, எத்தனை மணி நேரத்தில் சிவப்பாகிறது என்று பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய வேலை. எதைச் சோதித்தாலும் அதே பாகம் ஒன்றைச் சாதாரணத் தண்ணீரிலும் வைத்தாக வேண்டும் என்பது எங்கள் கூடத்துப் பழக்கம். ஒப்பிட்டுப் பார்க்க ஜோடி இல்லாத மாதிரிக்கு மதிப்பில்லை. ஜோடி வைக்காமல் இருந்திருந்தால் இந்த விஷயத்தில் உங்களுக்குச் சந்தேகமே வந்திருக்காது, நான்கு போல்ட்டும் ஒரே மாதிரி துருப்பிடித்திருக்கும், விபத்து என்று எழுதி மூடியிருப்பீர்கள் என்று உங்கள் உதவியாளர் சொன்னார். அவர் சொல்வது சரி. ஆனால் ஜோடி இல்லாமல் எப்படிச் செய்வது? அப்படிச் செய்தால் அது வெறும் நாசவேலை.

அண்ணன் என்னைவிட ஆறு வயது மூத்தவர். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்தினார். இந்த ஊரில் ஸ்டியரிங்கைப் பிடிக்கத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கிக் கற்றவர்கள். அவர் திட்டினால் யாருக்கும் கோபம் வராது, சிரிப்புத்தான் வரும். அது ஒரு வரம். அப்பா அம்மா போன பிறகு அவர்கள் விட்டுப்போன வீட்டில் அண்ணன், அண்ணி, நான் என்று மூன்று பேர் இருந்தோம். குழந்தைகள் இல்லை. நான் வேலையில் சேர்ந்த முதல் வாரமே அண்ணன் எனக்கு 'துரு' என்று பெயர் வைத்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள், கடைக்காரர், தபால்காரர் எல்லாருக்கும் நான் துருதான். ஒருமுறை கூரியர் ஒன்று அந்தப் பெயருக்கே வந்து, நான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.

கோபம் இருந்ததா என்று கேட்டீர்கள். இல்லை.

ஐந்து வருடம் முன்பு எங்கள் நிறுவனத்தின் பெயின்ட் பிரிவுக்கு ஒரு மேற்பார்வையாளர் வந்தார். பெண். ஒரு நாள் என் பெட்டிக்கு முன்னால் நின்று, இது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டார். நாற்பது நிமிடம் சொன்னேன். நாற்பது நிமிடமும் நின்று கேட்டார். அப்படி யாரும் கேட்டதில்லை. அடுத்த மாதம் அவரை வீட்டுக்கு டீ சாப்பிட அழைத்தேன். அண்ணி வீட்டையே தலைகீழாகப் புரட்டிச் சுத்தம் செய்தார். அண்ணன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"இவன் வேலை என்னன்னு தெரியுமாம்மா? இரும்பு எப்ப துருப்பிடிக்கும்னு வேடிக்கை பாக்கணும். இரும்புக்கு முன்னாடி இவன் துருப்பிடிச்சுட்டான்."

அவர் சிரித்தார். அண்ணனுக்கு ஒரு சிரிப்புக் கிடைத்தால் விட மாட்டார். உப்புத் தண்ணீரோ நல்ல தண்ணீரோ, இரும்பு என்று இருந்தால் துருப்பிடித்துத்தானே ஆக வேண்டும், இரண்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம், இதற்கு ஓர் ஆபீஸ், இதற்கு ஓர் அடையாள அட்டை என்றார். அந்தப் பெண் அதற்கும் சிரித்தார். அவருக்கு டீ புரையேறி, அண்ணி அவர் தலையில் தட்டிவிட வேண்டியதாயிற்று.

என்னைப் பார்த்துச் சிரித்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தவறான ஒரு கருத்துக்குச் சிரித்தாரே, அதுதான். நாற்பது நிமிடம் கேட்டவர். வித்தியாசம் தெரிந்தவர். பிறகு அவர் வேறு கிளைக்கு மாற்றலாகிப் போனார், கல்யாணமும் ஆகிவிட்டதாகச் சொன்னார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

சில மாதங்கள் கழித்து எங்கள் பால்கனியின் பழைய மரக் கிராதியை எடுத்துவிட்டு இரும்புக் கிராதி போட்டார்கள். குழாய்க் கம்பி, இரண்டு மீட்டர் நீளம், ஒவ்வொரு முனையிலும் இரண்டு போல்ட், போல்ட் தலை தெரியாமல் இருக்க மேலே ஒரு பிளாஸ்டிக் மூடி. ஆறு மில்லி போல்ட் போதாது, எட்டு மில்லி போடலாம் என்று வேலைக்கு வந்த ஆள் சொன்னார். "போதும்பா, இதுல என்ன யானையா கட்டப் போறோம்" என்று அண்ணன்தான் சொன்னார். இதையும் நீங்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

அன்று மாலை அந்த மூடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு யோசனை வந்தது. அண்ணன் சொன்னது தவறு என்று அவருக்குக் காட்ட வேண்டும். எங்கள் ஆய்வுக்கூடத்துச் சோதனைத் தகடுகளைக் கொண்டுவந்து காட்டினால், அது உன் பெட்டிக்குள் நடக்கிற வித்தை என்பார். அவரே தினமும் தொடுகிற பொருளாக இருந்தால்தான் மண்டையில் ஏறும். நாலைந்து வருடம் கழித்து நான்கு போல்ட்டையும் கழற்றி அவர் முன்னால் வைத்து, இது உப்புத் தண்ணீர், இது நல்ல தண்ணீர் என்று காட்டலாம். அவ்வளவுதான் எண்ணம். கழற்றுவதாகத்தான் இருந்தேன்.

இரண்டு தெளிப்பான் பாட்டில் வாங்கினேன். சிவப்பு மூடி போட்டதில் நூற்றுக்கு ஐந்து பங்கு உப்பு, நீல மூடி போட்டதில் வெறும் தண்ணீர். காலை ஏழேகாலுக்கும், வேலையிலிருந்து வந்த பிறகும், பிளாஸ்டிக் மூடியை நெம்பி எடுத்து, உள்ளே வைத்த பஞ்சு நனையும்படி மூன்று முறை தெளித்து, மூடிவிடுவேன். சிவப்பு இடது பக்கம், நீலம் வலது பக்கம். தேதி போட்டு நோட்டில் எழுதுவேன். எந்தப் பக்கத்துக்கு எது என்று எப்படி முடிவு செய்தீர்கள் என்று கேட்டீர்கள். ஏதாவது ஒரு பக்கத்துக்கு உப்பு வைத்துத்தானே ஆக வேண்டும்.

அண்ணன் சாய்கிற பக்கம் இடது பக்கம் என்பது உண்மைதான். எங்கள் வீட்டில் அந்த மூலையில் மட்டும்தான் போனுக்குச் சிக்னல் சரியாகக் கிடைக்கும். தினமும் காலை ஏழரை மணிக்கு டீயோடு வந்து, இடுப்பைக் கம்பியில் கொடுத்து, அரை மணி நேரம் பேசுவார். அன்றைக்கு யார் யாருக்கு எத்தனை மணிக்குப் பயிற்சி, யார் நேற்று எந்தச் சுவரில் முட்டினார்கள், எல்லாம் அங்கேதான். கீழே தெருவில் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்கள்.

ஆபத்தை யோசிக்கவில்லையா என்று கேட்டீர்கள். யோசித்தேன். ஆபத்தை யோசிக்காமல் யாரும் சோதனை ஆரம்பிப்பதில்லை. அண்ணி துணி காயப்போட இடது பக்கக் கம்பியில் சாய்ந்துதான் எக்குவார். வெயிலில் சாயம் வெளுக்கிறது என்று சொல்லி, ஒரு துணி ஸ்டாண்டு வாங்கி வீட்டுக்குள் போட்டுக் கொடுத்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்தால் பால்கனிக் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வேன். விருந்தாளிகளை முன்னறையிலேயே உட்காரவைப்பேன். ஆகவே அலட்சியம் என்று என்மேல் யாரும் குற்றம் சொல்ல முடியாது. அண்ணன் ஒருவர் மட்டும்தான் அங்கே சாயும்படி பார்த்துக்கொண்டேன். சுமை ஒரே சீராக இருந்ததும் அதனால்தான்.

எடை பார்க்கும் கருவியும் நான் வாங்கியதுதான். மூன்று பேரும் உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னேன். மாதம் ஒருமுறை மூன்று பேரும் ஏறி நிற்போம். அண்ணன் எண்பத்தெட்டுக் கிலோவில் ஆரம்பித்துத் தொண்ணூற்றொன்று வரை போனார். அண்ணி சர்க்கரையைக் குறைக்கச் சொல்லும்போதெல்லாம் நானும் குறைக்கச் சொன்னேன்.

அண்ணி ஒரு நாள், "தினமும் அங்க என்ன தம்பி பண்றீங்க?" என்று கேட்டார். கம்பியைச் சுத்தம் செய்கிறேன் என்றேன். அதன்பிறகு வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் என்னைப் பற்றி அதைச் சொல்லிப் பெருமைப்படுவார். ஓர் ஆம்பளை இவ்வளவு பொறுப்பாக இருந்து தான் பார்த்ததில்லை என்பார். அண்ணனும் அதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பார்.

ஆரம்பித்து இரண்டு வருடம் எட்டு மாதம் ஆனபோது எனக்குப் பித்தப்பையில் சீழ் பிடித்து ஆபரேஷன் நடந்தது. ஒன்பது நாள் மருத்துவமனையில் கிடந்தேன். ஒன்பது நாளும் அண்ணன் கூடவே இருந்தார். பயிற்சிப் பள்ளியை மூடிவிட்டார். எனக்கு உடம்பு துடைத்துவிட்டார், சட்டை மாற்றிவிட்டார், சூப்பை ஊதி ஊதிக் கரண்டியால் கொடுத்தார். சிரித்தால் தையல் வலிக்கும் என்று டாக்டர் சொன்னதால், அவர் பேசுவதையே நிறுத்திவிட்டார். அண்ணன் பேசாமல் உட்கார்ந்திருந்து நான் அப்போதுதான் பார்த்தேன்.

இரண்டு நாள் நோட்டு காலியாகப் போய்விட்டது. அது என்னைப் போட்டு அரித்தது. மூன்றாம் நாள் காலையில் அண்ணன் கேட்டார்.

"என்னடா முழிச்சுக்கிட்டே கிடக்க? வலிக்குதா?"

பால்கனிப் போல்ட்டுகளுக்குத் தினம் இரண்டு வேளை தெளிக்க வேண்டும், விட்டுப்போய்விட்டது என்றேன்.

"துருப்பிடிக்காம இருக்க மருந்தா?"

"அந்த மாதிரிதான் அண்ணா."

"இதுக்கா மூஞ்சிய இப்படி வச்சிருக்க? நான் அடிக்கிறேன் போ."

சிவப்பு மூடி இடது பக்கம், நீல மூடி வலது பக்கம், நோட்டில் தேதி போட வேண்டும் என்று சொன்னேன். அவர் அதைத் தன் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டார். காலையும் மாலையும் குளிக்க வீட்டுக்குப் போகும்போதெல்லாம் தெளித்திருக்கிறார். நோட்டில் ஏழு நாள் மட்டும் வேறு கையெழுத்தாக இருக்கிறதே, அது யாருடையது என்று நேற்று கேட்டீர்கள். அண்ணனுடையது. ஒரு வேளைகூட விடவில்லை. 'காலை அடிச்சாச்சு, மாலை அடிச்சாச்சு, துரு சாருக்கு வணக்கம்' என்று ஒரு நாள் எழுதியிருக்கிறார். ஆறாம் நாள் குறிப்பையும் படித்திருப்பீர்கள். 'இடப்பக்கம் லேசா செவந்திருக்கு, அதனால மருந்து ரெண்டு தடவ சேத்து அடிச்சேன்.' நல்ல எண்ணத்தில்தான் செய்திருக்கிறார். ஆனால் அதனால் அளவு மாறிவிட்டது. முடிவுகளில் அதற்கு ஓர் அடிக்குறிப்பு சேர்த்திருக்கிறேன்.

வீட்டுக்குத் திரும்பி வரும்போது காரை வழியில் ஓரமாக நிறுத்தினார். இன்ஜினை அணைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் எதிரே பார்த்துக்கொண்டு பேசினார்.

"எனக்கு வாய்தாண்டா கேடு. அந்தப் பொண்ணு வந்தப்ப நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. அப்புறம் எனக்கே உறுத்துச்சு, சொல்லத்தான் தெரியல. மனசுல வச்சுக்காத."

நான் அழுதேன். தையல் வலித்தது, இருந்தாலும் அழுதேன். அண்ணனைப்போல ஒருவர் எனக்கு இந்த உலகத்தில் வேறு யாரும் இல்லை. அன்றோடு என் மனதில் இருந்தது எல்லாம் கரைந்து போய்விட்டது. அதன்பிறகு ஒரு நாள்கூட, ஒரு நிமிடம்கூட, அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் இருந்ததில்லை. நீங்கள் எழுதியிருக்கும் காகிதத்தில் 'முன்விரோதம்' என்று ஒரு சொல் இருக்கிறது. அதை அடித்துவிட வேண்டும்.

அப்படியானால் ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டீர்கள். கேட்டுவிட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றீர்கள். இரண்டு வருடம் எட்டு மாதம் ஆகியிருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். பாதியில் நிறுத்திய சோதனை எதற்கும் உதவாது. அதுவரை செய்தது அத்தனையும் வீண், அண்ணன் அடித்த ஏழு நாள் உட்பட. அன்று மாலை ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன். சிவப்பு இடது பக்கம், நீலம் வலது பக்கம்.

நாலாம் வருடக் கடைசியில் இடது பக்க மூடியை எடுத்தால் துரு செதில் செதிலாகக் கையோடு வந்தது. சுவரில் தேநீர்க் கறைபோல ஒரு கோடு இறங்கியிருந்தது. அண்ணி அதைப் பார்த்துத் தேய்க்கப் போனார், நானே தேய்த்துக்கொள்கிறேன் என்று தேய்த்தேன். வலது பக்கத்தில் பஞ்சு வெளுப்பாகவே இருந்தது. இவ்வளவு தெளிவான வித்தியாசம் எங்கள் கூடத்தில்கூடக் கிடைத்ததில்லை. யாரிடமாவது காட்ட வேண்டும்போல இருந்தது. காட்ட யாரும் இல்லை.

சம்பவம் நடப்பதற்குப் பதினொரு நாள் முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை, இடது பக்கக் கீழ் போல்ட்டின் தலை மூடியோடு சேர்ந்து வந்துவிட்டது. அன்றே கழற்றிக் காட்டியிருக்கலாமே என்பீர்கள். ஆனால் மேல் போல்ட் இன்னும் நின்றுகொண்டிருந்தது. நிற்கிற ஒன்றை எடுத்துக் காட்டி, இது விழுந்துவிடும் என்று சொன்னால் அண்ணன் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். இன்னும் விழவில்லையே என்பார்.

எச்சரிக்கவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். மறுநாள் காலையே எச்சரித்தேன். "கம்பில சாயாதீங்க அண்ணா" என்று சொன்னேன். அவர் அப்போது போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் சமையலறையில் இருந்தேன். அவர் காதில் விழுந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் சொன்னேன்.

சனிக்கிழமை காலை. இடது பக்கம் தெளித்து முடித்திருந்தேன். வலது பக்கம் மூடியைத் திறந்துகொண்டிருக்கும்போது அண்ணன் டீயோடு வந்தார். வழக்கத்தைவிடச் சற்று முன்னதாகவே போன் வந்துவிட்டது என்றார். அன்று முதன்முதலாகத் தனியாகக் காரை எடுக்கப் போகிற ஒரு பெண்ணுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார். பயப்படாதீங்கம்மா, எதிரே பாருங்க, வண்டி உங்க பேச்சத்தான் கேக்கும் என்று சொல்லிக்கொண்டே இடுப்பைச் சாய்த்தார். சரியாக ஏழு பதினெட்டு. சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. பல்லில் மிளகு கடிபட்ட மாதிரி ஒரு சத்தம்.

கிராதி ஒரு கதவு திறப்பதுபோல வெளிப்பக்கமாகத் திறந்தது. டீயும் போனும் கீழே போயின. அண்ணன் மேல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். வலது முனை பிடித்துக்கொண்டதால் கம்பி வளைந்து, சரிந்து, சுவரோடு ஒட்டித் தொங்கியது. அவர் கைகள் பால்கனித் தரை மட்டத்துக்கு வந்துவிட்டன. எனக்கும் அந்தக் கைகளுக்கும் நடுவில் ஒரு முழம்.

"டேய், கையக் குடு" என்றார்.

"பயப்படாதீங்க அண்ணா. நீங்க தொங்குறது நல்ல தண்ணிப் பக்கம். தாங்கும்."

"என்னடா சொல்ற?"

நான் சொன்னேன். நாலு வருடம் மூன்று மாதமாக இடது பக்கத்துக்கு உப்புத் தண்ணீர், வலது பக்கத்துக்கு வெறும் தண்ணீர். ஒரே போல்ட், ஒரே காற்று, ஒரே வெயில். எது போயிருக்கிறது, எது நிற்கிறது என்று நீங்களே பாருங்கள் என்றேன். சுருக்கமாகத்தான் சொன்னேன். அவர் தலையைத் திருப்பி இடது சுவரைப் பார்த்தார். பிறகு வலது பக்கப் போல்ட்டுகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எங்கள் கூடத்துக்குப் பயிற்சிக்கு வருகிறவர்கள் முகத்தில் நான் அதைப் பார்த்திருக்கிறேன். விஷயம் புரிகிற நொடியில் முகம் அப்படியே நின்றுபோகும்.

"நீ சொன்னதுதாண்டா சரி" என்றார். "வித்தியாசம் இருக்கு. ஒத்துக்கிறேன். கையக் குடு தம்பி, விரல் நழுவுது."

அவர் அதை வேண்டாவெறுப்பாகச் சொல்லவில்லை. மனதாரச் சொன்னார். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று எழுதினால் நீங்கள் தவறாக எடுத்துக்கொள்வீர்கள். ஆகவே எழுதவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அண்ணி சமையலறையிலிருந்து வந்தார். அவர் உங்களிடம் சொல்லியிருப்பதைப் படித்துக் காட்டினீர்கள். பெரும்பகுதி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். நான் எழுதிக்கொண்டிருந்தேன் என்பது சரி. அவர் ஓடி வந்தபோது நான் நகராமல் நின்றதால் அவரால் என்னைத் தாண்டி வர முடியவில்லை என்பதும் சரி. பால்கனி குறுகலானது. நோட்டின் கடைசிப் பக்கத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஏழு பதினெட்டு, இடது மேல் போல்ட் முறிந்தது. ஏழு இருபது, அண்ணன் முடிவை ஏற்றுக்கொண்டார். ஏழு இருபத்தொன்று, சுமை நீங்கியது. வலது பக்கம் சேதமில்லை.

எழுதி முடித்து, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, நோட்டை மூடிக் கீழே வைத்துவிட்டு, கையை நீட்டினேன். நான் கை நீட்டவே இல்லை என்று அண்ணி சொல்லியிருப்பது மட்டும் உண்மைக்கு மாறானது. அதைத் திருத்திக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.